கைபேசியைக் காரோடு இணைக்கும்போது எதையெல்லாம் கொடுக்கிறோம்?

புதுக் காரை ஒப்படைக்கும் நாளில் ஷோரூம் ஊழியர் நம் கைபேசியை வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் தொட்டு, "கனெக்ட் ஆயிடுச்சு சார்" என்று திருப்பித் தருகிறார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில் நடந்தது என்ன? நம்மிடமிருந்து காருக்குப் போனது என்ன? நேற்றுவரை ஒழுங்காக இருந்த இணைப்பு இன்று ஏன் அறுந்துபோகிறது? கை விடுபட்டதால் சாலையில் நாம் பத்திரமாகிவிட்டோமா? கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தேவையான இந்தக் கேள்விகளுக்கு, வண்டியோடு வரும் கையேட்டில் முழு விடை இருப்பதில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத் இணைப்பு என்று நாம் சொல்வது ஒற்றை இணைப்பே அல்ல. பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, தொடர்பு எண்களுக்கு ஒன்று, குறுஞ்செய்திக்கு ஒன்று என்று பல அனுமதிகளை ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கோளாறுகளில் பெரும்பகுதி புரிந்துவிடும். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

கம்பியை ஒழிக்க வந்த அலை

ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், எரிக்ஸன் நிறுவனத்தில் 1994-இல் ப்ளூடூத்துக்கான ஆய்வு தொடங்கியது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மட்டிசன் என்ற இரு பொறியாளர்களின் பங்கு இதில் பெரிது. கைபேசிக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் இடையிலுள்ள கம்பியை நீக்கவேண்டும், மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகவேண்டும் என்பதே நோக்கம். 1998-இல் எரிக்ஸன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தன. இன்றுவரை ப்ளூடூத்தின் விதிகளை எழுதுவது அந்த அமைப்புதான்.

உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது இயங்குகிறது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு என்று பலதும் நெரிசலாக இருக்கும் இடம் அது. அந்த நெரிசலில் பிழைக்க, ப்ளூடூத் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கிறது. கைபேசியும் காரும் ஒரே வரிசையில் ஒன்றாகத் தாவுகின்றன. நெரிசலான தடங்களை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டுத் தாவும் திறமை 2003-இல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது. சாலை நெடுக வைஃபை நிறைந்த நகரத்திலும் பாட்டு பெரும்பாலும் தடங்கலின்றி வருவதற்கு இதுவே காரணம்.

ஆறு இலக்கமும் ஒரு சாவியும்

காரின் திரையில் 'புதிய சாதனம்' என்பதைத் தொட்டதும், கார் தன்னைப் பிறர் கண்ணுக்குக் காட்டத் தொடங்குகிறது. மற்ற நேரங்களில் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும். பல கார்களில் வண்டி நின்றால்தான் இந்த வேலையே நடக்கும். கைபேசி சுற்றுவட்டாரத்தைத் தேடுகிறது. ஒரு முழுத் தேடலுக்குப் பத்து நொடி ஆகலாம். பட்டியலில் காரின் பெயர் வருகிறது. தொடுகிறோம். இரண்டு திரைகளிலும் ஓர் ஆறு இலக்க எண் தோன்றுகிறது.

அந்த எண்ணைப் பார்க்காமலேயே 'சரி' என்று தொடுபவர்கள்தான் அதிகம். ஆனால் முழு ஏற்பாட்டிலும் மனிதர் கண்ணால் சரிபார்க்கவேண்டிய இடம் அது ஒன்றே. 2007-இல் வந்த 2.1 பதிப்பு இந்த முறையைக் கொண்டுவந்தது. இரண்டு கருவிகளும் தனித்தனியே கணக்கிட்ட விடைகள் ஒத்துப்போனால்தான் எண்கள் ஒன்றாக இருக்கும். நடுவில் வேறொரு கருவி புகுந்து இருபுறமும் ஆள்மாறாட்டம் செய்தால் எண்கள் மாறிவிடும். அதற்கு முன்பு நாலு இலக்கக் குறியீடுதான். பெரும்பாலான கருவிகளில் அது 0000 அல்லது 1234.

எண் ஒத்ததும் இருபுறமும் ஒரு ரகசியச் சாவி சேமிக்கப்படுகிறது. அடுத்தநாள் வண்டியைக் கிளப்பியதும் தானே இணைந்துகொள்வது அந்தச் சாவியால்தான். பல கோளாறுகள் பிறப்பதும் அந்தச் சாவியில்தான்.

ஒரே கட்டடம், பல கவுண்டர்கள்

தாலுகா அலுவலகம் ஒரே கட்டடம்தான்; ஆனால் பட்டாவுக்கு ஒரு கவுண்டர், சான்றிதழுக்கு ஒரு கவுண்டர். ஒன்று திறந்திருந்து இன்னொன்று மூடியிருக்கலாம். ப்ளூடூத்தும் அப்படித்தான். 'பேச முடிகிறது, பாட்டு வரவில்லை', 'பாட்டு வருகிறது, பெயர்கள் வரவில்லை' என்ற புகார்கள் எல்லாம் ஏதோ ஒரு கவுண்டர் மூடிய கதைகளே.

பேச்சுக்கானது ஹேண்ட்ஸ்ஃப்ரீ விதி, சுருக்கமாக ஹெச்.எஃப்.பி. இதில் அழைப்பு எப்போதும் கைபேசியிலேயே நடக்கிறது. கார் வெறும் மைக்கும் ஸ்பீக்கரும்தான். ஸ்டியரிங்கில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் கார் கைபேசிக்கு 'ஏ.டி.ஏ.' என்ற மூன்றெழுத்துக் கட்டளையை அனுப்புகிறது. அழைப்பை எடு என்று பொருள். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்துக்காக எழுதப்பட்ட அதே கட்டளை மொழி இன்றைய காருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. கைபேசியின் சிக்னலையும் பேட்டரியையும் அது 0 முதல் 5 வரையான எண்ணாகவே காருக்குச் சொல்கிறது. பேட்டரி 43 விழுக்காடு என்று கைபேசி காட்டும்போது காரின் திரையில் வெறும் இரண்டு கோடு தெரிவது அதனால்தான்.

பாட்டுக்கு ஏ2டிபி என்ற தனி விதி. பாட்டை மாற்றுவது, நிறுத்துவது, பெயரைத் திரையில் காட்டுவது எல்லாம் ஏ.வி.ஆர்.சி.பி. என்ற இன்னொன்றின் வேலை. தொடர்பு எண்களையும் அழைப்பு வரலாற்றையும் பி.பி.ஏ.பி. கொண்டுபோகிறது; குறுஞ்செய்திகளை எம்.ஏ.பி. கொண்டுபோகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டால், இவற்றுக்கான பொத்தான்கள் தனித்தனியே இருக்கும். ஐபோனிலும் தொடர்புகளுக்கும் அறிவிப்புகளுக்கும் தனிப் பொத்தான்கள் உண்டு. காரில் பாட்டு மட்டும் போதும் என்பவர் மற்றதை அணைத்துவிடலாம். இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. தொடர்புகளில் 'அம்மா', 'பெரியப்பா' என்று தமிழில் சேமித்தால் பல கார்களின் திரையில் வெறும் கட்டங்கள் வருகின்றன. குற்றம் ப்ளூடூத்தின் மேல் இல்லை. பெயர்களை யூனிகோடில்தான் அனுப்பவேண்டும் என்று பி.பி.ஏ.பி. விதி சொல்கிறது. கைபேசியும் சரியாகவே அனுப்புகிறது. தமிழ் எழுத்துரு காரில் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலேயே லட்சக்கணக்கில் கார்களைச் செய்து விற்கும் தொழில், ஓர் எழுத்துருவைச் சேர்க்கத் தயங்குவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாங்குபவர்கள் கேட்கவேண்டும், கேட்டால்தான் வரும்.

ஏன் அறுந்துபோகிறது?

முதல் காரணம் சாவி. கைபேசியில் காரை அழித்துவிட்டோம். காரில் பழைய சாவி அப்படியே இருக்கிறது. அல்லது சர்வீஸ் சென்டரில் காரின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். கார் மறந்துவிட்டது, கைபேசி மறக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தெரிந்ததாகவும் தெரியாததாகவும் நடந்துகொள்ளும். மறுபடி மறுபடி 'கனெக்ட்' அழுத்திப் பயனில்லை. இரண்டு பக்கமும் அழித்துவிட்டு, கைபேசியை ஒருமுறை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து இணைப்பதே சரியான மருந்து.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. பல கார்கள் ஐந்து முதல் பத்துக் கைபேசிகளை மட்டுமே நினைவில் வைக்கும். வீட்டில் எல்லாருடைய கைபேசியும், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவின் கைபேசியும், ஆக்டிங் டிரைவரின் கைபேசியும் ஏறியபின் புதியதற்கு இடமில்லை. சில கார்கள் இதைத் திரையில் தெளிவாகச் சொல்வதுமில்லை.

மூன்றாவது, முன்னுரிமை. பட்டியலில் பல கைபேசிகள் இருக்கும்போது கார் எதை முதலில் அழைக்கும்? பெரும்பாலும் கடைசியாக இணைந்ததை. ப்ளூடூத் பத்து மீட்டர்வரை எட்டும் என்பதால் போர்ட்டிகோவில் ஒரு நாடகமே நடந்துவிடுகிறது. வீட்டுக்குள் கணவர் கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். மனைவி வெளியே வண்டியைக் கிளப்புகிறார். எதிர்முனையில் இருப்பவரின் குரல் கணவரின் காதிலிருந்து மறைந்து, தெருவுக்கே கேட்கும்படி காரில் ஒலிக்கிறது. காரின் திரையில் யாருடைய கைபேசிக்கு முதலிடம் என்று குறிப்பிட வழி இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இல்லாவிட்டால் ஒருவரின் கைபேசியில் அந்தக் காருக்கான அழைப்பு அனுமதியை மட்டும் அணைத்துவைக்கலாம்.

நான்காவதுதான் அடிப்படையானது: வயது. ஒரு கார் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடுகிறது. கைபேசியை மூன்று நான்கு ஆண்டில் மாற்றிவிடுகிறோம். 2014-இல் செய்த ஸ்டீரியோ, தான் பிறக்கும்போது இருந்த விதிகளோடு நிற்கிறது. புதிய கைபேசி புதிய பதிப்பில் பேசும்போது பாட்டின் பெயர் வராமல் போகலாம், பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். ஆண்ட்ராய்டில் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் ஏ.வி.ஆர்.சி.பி. பதிப்பைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பல நேரம் கைகொடுப்பது அது.

ப்ளூடூத்தே இல்லாத பழைய வண்டிக்கும் வழியுண்டு. ஆக்ஸ் துளையில் செருகும் சிறு ரிசீவர் ஒன்று. லைட்டர் சாக்கெட்டில் செருகி எஃப்.எம். வழியாகப் பாட்டை அனுப்பும் கருவி இன்னொன்று. ஒலித் தரத்தில் முதலாவதே மேல். அதே சாக்கெட்டில் சார்ஜும் போட்டு ஆக்ஸிலும் செருகும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி வந்தால் பயப்படவேண்டாம். மின் இணைப்பும் ஒலி இணைப்பும் சேர்ந்து ஒரு சுற்று உண்டாவதால் வருவது அது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி அதைத் தீர்த்துவிடும்.

குரலின் தரம்

ஏ.ஆர். ரஹ்மான் பாட்டு அருமையாகக் கேட்கும் அதே காரில் அம்மாவின் குரல் மட்டும் ஏன் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது? இரண்டும் வெவ்வேறு விதிகளில் வருவதே காரணம். பாட்டு நொடிக்கு முந்நூறு கிலோபிட்டுக்கும் மேல் எடுத்துக்கொள்ளலாம். குரலுக்குத் தொடக்கத்திலிருந்தே 64 கிலோபிட் பாதைதான். பழைய முறையில் குரல் நொடிக்கு 8000 முறை மட்டுமே அளக்கப்பட்டது. 2011-இல் வந்த ஹெச்.எஃப்.பி. 1.6 அதை 16,000 ஆக்கியது. 2023-இல் வந்த 1.9 மேலும் உயர்த்தியது. ஆனால் காரும் கைபேசியும் இரண்டுமே புதியதைப் புரிந்துகொண்டால்தான் பயன்.

எதிர்முனையில் இருப்பவர் "என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது" என்றால் கோளாறு நம் காரில் இருக்கிறது. ஸ்பீக்கரில் வந்த அவருடைய குரலை நம் மைக் பிடித்து அவருக்கே திருப்பி அனுப்புகிறது. அதைக் கழிப்பது காரின் மென்பொருள் வேலை. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, ஏ.சி. காற்று மைக்கில் நேராகப் படாமல் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகும்.

திரை வந்தபின்

கைபேசியின் வசதிகளைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளேவை ஆப்பிளும், ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கூகுளும் 2014-இல் அறிவித்தன. இவை வந்தபின் ப்ளூடூத் பழையதாகிவிட்டது என்று நினைப்பது தவறு. கம்பியில்லாத இணைப்பில் முதல் கைகுலுக்கல் ப்ளூடூத்தில்தான் நடக்கிறது. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது பரிமாறிக்கொடுத்தபின், வரைபடம் போன்ற கனமான தகவல் வைஃபைக்கு மாறுகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிள் செருகியிருந்தாலும் அழைப்பின் குரல் ப்ளூடூத்தில்தான் போகிறது. கேபிள் இருக்கிறதே என்று ப்ளூடூத்தை அணைத்துவிட்டால் அழைப்பு காரில் வராமல் தவிப்பது இதனால்தான்.

காரில் தங்கிவிடும் நாம்

பி.பி.ஏ.பி. வழியாகப் போன தொடர்பு எண்கள் பல கார்களின் நினைவகத்தில் தங்கிவிடுகின்றன. நம் பெயரில் உள்ள வண்டி என்றால் கவலை குறைவு. வாடகைக் கார்? செல்ஃப் டிரைவ்? விற்றுவிட்ட பழைய வண்டி? அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2016-இலேயே வாடகைக் காரில் கைபேசியை இணைப்பவர்களை எச்சரித்தது. 2018-இல் பிரைவசி4கார்ஸ் நிறுவனம், முன்பு இணைத்தவர்களின் தொடர்புகளையும் அழைப்புப் பதிவுகளையும் பல நிறுவனக் கார்களிலிருந்து சில நிமிடங்களில் எடுக்கமுடிவதை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களை ஆராய்ந்தது. தனியுரிமையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

செய்திகளின் நகலைக் கார் எடுத்து வைத்துக்கொள்கிறது என்று வாஷிங்டன் மாநிலத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அவற்றை ஏற்கவில்லை. அந்த மாநிலச் சட்டம் கேட்கும் அளவுக்குப் பாதிப்பு காட்டப்படவில்லை என்பது காரணம். சட்டம் காக்கும் என்று நம்பி உட்காரமுடியாது என்பதே இதிலுள்ள பாடம்.

இதில் ஒழுக்கம் சார்ந்த ஒரு கேள்வியும் இருக்கிறது. என் தொடர்புப் பட்டியலில் இருப்பவை என் எண்கள் மட்டும் அல்ல. என் மாணவி, என் மருத்துவர், கடன் கேட்ட நண்பர் என்று அவர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை. அவர்களைக் கேட்காமல் ஒரு வாடகைக் காரில் அதையெல்லாம் இறக்கிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை.

பாதுகாப்பு ஓட்டைகளும் கற்பனை அல்ல. 2005-இல் ட்ரைஃபைனைட் என்ற ஆய்வுக் குழு 'கார் விஸ்பரர்' என்ற கருவியைக் காட்டியது. 0000, 1234 போன்ற குறியீடுகளைக் கொண்டே வழியில் போகும் கார்களுக்குள் பேசவும் உள்ளே பேசுவதைக் கேட்கவும் முடிந்தது. 2011-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வில், ஒரு காரின் ப்ளூடூத் நிரலிலிருந்த பிழை வழியாகவே உள்ளே புகமுடிந்தது. 2025-இல் வெளியான 'பெர்ஃபெக்ட்ப்ளூ' ஓட்டைகள், பல நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரே ப்ளூடூத் மென்பொருளில் இருந்தன. கைபேசிக்கு அப்டேட் அடிக்கடி வருகிறது. காருக்கு வந்ததா என்று சர்வீஸின்போது நாம்தான் கேட்கவேண்டும்.

கை விடுபட்டால் போதுமா?

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை.

1997-இல் ரெடல்மியர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் டொராண்டோவில் விபத்தில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களை ஆராய்ந்தார்கள். பேசும் நேரத்தில் விபத்து ஆபத்து நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசுவதைவிட ஹேண்ட்ஸ்ஃப்ரீ மேல் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த ஆய்வும் இதையே கண்டது. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரின் குழு காரணத்தை விளக்கியது: கண் சாலையில் இருந்தாலும் கவனம் பேச்சில் இருக்கிறது. பார்த்தது மனத்தில் பதிவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவது அவ்வளவு கெடுதல் இல்லை. முன்னால் லாரி பிரேக் அடித்தால் அவரும் பார்க்கிறார், பேச்சை நிறுத்துகிறார். தொலைவில் இருப்பவருக்கு அது தெரியாது.

திரையும் அப்படியே. 2020-இல் பிரிட்டனின் டி.ஆர்.எல். என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில், கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ திரைகளைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை 50 விழுக்காட்டுக்கும் மேல் தாமதமானது. குரலால் இயக்கியபோதும் எதிர்வினை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாமதமானது. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மது அருந்தியவருக்குத் தாமதம் 12 விழுக்காடுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் கார் 33 மீட்டர் ஓடிவிடும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதலில் சேரும். முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது 1000 முதல் 5000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் முதல், கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் அத்தகைய கருவியைப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. சட்டத்தின் கண் கையின் மேல் இருக்கிறது. ஆய்வுகளோ மனத்தைக் காட்டுகின்றன. இந்த இடைவெளியைச் சட்டம் அடைக்கும்வரை நாமாகவே அடைக்கவேண்டும்.

செய்யவேண்டியது

வண்டியை ஒப்படைக்கும் நாளில் கைபேசியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் நாமே இணைக்கவேண்டும். ஆறு இலக்கத்தை இரண்டு திரையிலும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தொடர்புகளையும் செய்திகளையும் கேட்கும்போது, தேவையா என்று ஒரு கணம் யோசித்து அனுமதிக்கவேண்டும். வாடகைக் காரில் பாட்டுக்கு மட்டும் இடம் கொடுத்து, இறங்கும்போது அழித்துவிட வேண்டும். வண்டியை விற்கும்முன் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் மாற்றுவதோடு 'ஃபேக்டரி ரீசெட்' செய்வதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். பழைய கார் வாங்குபவரும் அதையே முதல் வேலையாகச் செய்யவேண்டும்.

ஓட்டும்போது அழைப்பு வந்தால், எடுத்து "வண்டியில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்வதற்கு இந்தத் தொழில்நுட்பம் மிகச் சிறந்தது. அரை மணி நேரக் குடும்பப் பஞ்சாயத்தை நெடுஞ்சாலையில் நடத்துவதற்கு அது உண்டாக்கப்படவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு: எதிர்முனையில் இருப்பவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் நாமே வைத்துவிடுவதுதான் மரியாதை.